பழைய பெட்டியும் தொண்டர் கைகளும்



மரத்தால் ஆன பழைய இரயில் பெட்டி ஒன்று, தன் உழைப்புக் காலம் முடிந்து, ஒரு நிலையத்தின் ஓரத் தண்டவாளத்தில் கேட்பாரற்று நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன நேரும்? முதலில் கூரை போகும். அக்காலப் பெட்டிகளின் கூரை பலகையால் ஆனது. அதன்மேல் கித்தான் துணியை இழுத்துப் போர்த்தி, வண்ணத்தைக் கனமாகப் பூசியிருப்பார்கள். சித்திரை வெயிலில் வண்ணம் வெடிக்கும். வெடித்த இடத்தில் கித்தான் கிழியும். ஐப்பசி மழை அவ்வழியே உள்ளே இறங்கும். இறங்கிய நீர் பலகணியின் அடியில் தேங்கி, அங்கிருந்து நிலைக்கட்டைகளின் வழியாகக் கசிந்து, மரவுடல் இரும்பு அடிச்சட்டத்தின்மேல் உட்காரும் இடத்தில் தங்கிவிடும். வெளியே பார்த்தால் பெட்டி முழுமையாகத் தோன்றும். கட்டைவிரலால் அழுத்தினால், நூறாண்டு நின்ற தேக்கு மாவாய் உதிரும். பித்தளைக் கைப்பிடிகளும் விளக்குகளும் மழைக்காலம் வருமுன்பே மறைந்திருக்கும். அவற்றைக் கொண்டுபோவது மழை அன்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய பெட்டியைக் கூலி பெறாமல், விடுமுறை நாளில் வந்து, சொந்தக் கையால் மீண்டும் ஓட வைக்கும் மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அந்த வேலைக்கும் நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் உள்ள உறவைப் பற்றியுமே இன்று பேசப் போகிறேன்.

இத்தொண்டின் பிறப்பிடம் ஆங்கில நாட்டை அடுத்த வேல்ஸ். அங்கே டாலிலின் என்றொரு சிறு இரயில் பாதை உண்டு. மலையில் வெட்டிய பலகைக்கல்லைக் கடற்கரைக்குக் கொண்டுவர 1860களில் அமைத்தது அது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் இரண்டேகால் அடிதான். பாதை அமைத்து முடித்த பின்னர் ஒரு வேடிக்கை நேர்ந்தது. பாதையின் குறுக்கே கட்டிய பாலங்கள் மிகவும் ஒடுக்கமாக அமைந்துவிட்டன. பெட்டி பாலத்தின்கீழ் நிற்கும்போது கதவைத் திறந்தால் ஆள் இறங்க இடமில்லை. ஆகவே, பெட்டிகளுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே கதவு இருந்தால் போதுமென்று முடிவு செய்தார்கள். அந்தப் பழைய பெட்டிகள் இன்றும் அங்கே ஓடுகின்றன. அவற்றுக்கு இன்றும் ஒரு பக்கம்தான் வழி.

பலகைக்கல் சுரங்கம் 1946-இல் மூடப்பட்டது. பாதையின் உரிமையாளரான சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ், தாம் உயிரோடிருக்கும்வரை வண்டி ஓடும் என்று சொல்லியிருந்தார். சொன்னபடியே நட்டத்தோடு ஓட்டினார். 1950-இல் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், எழுத்தாளர் டாம் ரோல்ட் முதலியோர் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கூட்டம் கூட்டி, பாதையைத் தொண்டர்களே ஏற்று நடத்துவதென்று தீர்மானித்தார்கள். 1951 மே மாதம் அவர்களுடைய முதல் வண்டி புறப்பட்டது. தொண்டர்கள் ஏற்று நடத்திய இரயில் என்று உலகில் முதன்முதல் பெயர் பெற்றது அதுவே.

புறப்பட்டது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் கைக்கு வந்தவை என்ன? இரண்டு எஞ்சின்கள்; அவற்றுள் ஓடக்கூடியது ஒன்றே. தண்டவாளத்தைப் புல் மறைத்திருந்தது. அதன் கீழிருந்த குறுக்குக்கட்டைகள் உளுத்துப் போயிருந்தன. அருகிலிருந்த மற்றொரு கைவிடப்பட்ட பாதையின் எஞ்சின்கள் இரண்டை ஐம்பது பவுனுக்கு வாங்கினார்கள். வாரக் கடைசியில் வந்து புல் வெட்டினார்கள், கட்டை மாற்றினார்கள். வந்தவர்களில் ஒருவர் ஆட்ரி என்ற பாதிரியார். அவர் சிறிது காலம் அங்கே கார்டு வேலை பார்த்தார். உலகச் சிறுவர்கள் பலரும் அறிந்த தாமஸ் என்னும் எஞ்சினின் கதைகளை எழுதியவர் அவர். அந்தப் பாதையின் எஞ்சின்களையும் பின்னர்த் தம் கதைகளில் பாத்திரங்களாக்கிக் கொண்டார்.

நிற்க. தொண்டர்கள் ஒரு பழைய பெட்டியைச் செப்பனிடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆர்வம் மிகுந்தவர்கள் வந்தவுடன் சுத்தியலைத் தேடுவார்கள். அனுபவசாலியோ அவர்கள் கையில் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கொடுப்பார். முதல் சில வாரங்களுக்கு எதையும் கழற்றக் கூடாது. பெட்டியை நாற்புறமும் படம் எடுக்க வேண்டும், அளவெடுக்க வேண்டும், ஒவ்வொரு பலகைக்கும், ஒவ்வொரு திருகாணிக்கும் ஓர் எண் இட வேண்டும். ஏனெனில், கழற்றிய பிறகு எல்லாப் பலகைகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. கையால் இழைத்துச் செய்த பெட்டியில் இடப்புறக் கதவும் வலப்புறக் கதவும் கால் அங்குலம் வேறுபடும்.

அடுத்தது வண்ணத்தைச் சுரண்டும் வேலை. பழைய பெட்டியின் மேல் பத்து, பன்னிரண்டு பூச்சுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் ஓரத்தில் மட்டும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள்போல வட்ட வட்டமாக நிறங்கள் தெரியும். மேலே கருஞ்சிவப்பு, அதன்கீழ் பச்சை, அதற்கும் கீழ் எங்கோ ஓரிடத்தில் பொன்னிறக் கோடு, அக்கோட்டுக்கு அருகில் அழிந்துபோன ஒரு கம்பெனியின் எழுத்து. பெட்டி யாருடையது, எந்த வகுப்புக்குரியது, எத்தனை முறை கைமாறியது என்பதை இந்த வளையங்களே சொல்லும். இதைப் படியாமல் முழுவதையும் சுரண்டி எறிந்துவிட்டுப் புத்தம் புதிய வண்ணம் அடிப்பவர், சுவடியைக் கழுவிவிட்டு அட்டைக்கு மெருகு போடுகிறவர். மேலும், பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். அந்தத் தூளை மூச்சில் இழுப்பது நஞ்சு. ஆதலால் முகமூடியின்றி எவரும் இவ்வேலையில் கைவைத்தலாகாது.

பிறகுதான் மரவேலை. ஒரு கட்டையின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொரு கட்டையின் துளையில் இறுக்குவது நம் தச்சருக்குத் தெரிந்த பழைய முறை. இரயில் பெட்டியின் உடல் முழுவதும் இப்படிப்பட்ட இணைப்புகளால் ஆனது. வீட்டுக் கதவு நின்ற இடத்தில் நிற்பது; பெட்டியோ ஓடும்; குலுங்கும்; வளைவில் முறுகும். இணைப்பு மிகவும் இறுகியிருந்தால் பிளக்கும், தளர்ந்திருந்தால் முனகும். இந்த அளவு நூலில் இல்லை; கையில்தான் இருக்கிறது. உளுத்த கட்டையை முழுதும் மாற்றாமல், கெட்ட பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, அங்கே நல்ல மரத்தைச் சாய்வெட்டாகப் பொருத்துவதே சிறந்த முறை. புதிதாகப் பொருத்திய துண்டின் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பொறித்து வைக்க வேண்டும். நாளை வருகிற ஆராய்ச்சியாளர் அதைப் பழைய மரம் என்று எண்ணி ஏமாறாமல் இருப்பதற்காகவே இந்த நேர்மை.

மரவுடலுக்குக் கீழே சக்கரம், அச்சு, பட்டைவில், பிரேக் ஆகியவை இருக்கின்றன. பழைய பெட்டியின் அச்சு முனை ஒரு பெட்டிக்குள் வெள்ளை உலோகத்தாலான மெத்தையில் சுழலும். கீழே எண்ணெயில் ஊறிய கம்பளித் திரி இருக்கும். திரி காய்ந்துவிட்டால் அச்சு கொதித்து உலோகம் உருகிவிடும். காட்சிக்கு மட்டும் நிற்கும் பெட்டியானால் இவற்றுக்கு மேற்பூச்சுப் போதும். ஓட வேண்டுமானால், பிரயாணிகளின் உயிர் இதில் இருக்கிறது. இங்கே தொண்டரின் ஆர்வம் மட்டும் போதாது. தகுதி பெற்ற பொறியியலாளர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

இப்படிப் பாதிக்குப் பாதி மாற்றினால் அது பழைய பெட்டிதானா என்று ஒருவர் கேட்கலாம். தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு இந்த ஐயம் எழ வேண்டியதில்லை. திருவாரூர்த் தேர் 1948-க்குப் பின் ஓடாமல் நின்றது. 1970-இல் மீண்டும் ஓடியபோது, திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் செய்த இரும்புச் சக்கரங்களும் பிரேக்கும் அதற்கு இருந்தன. அதை ஆழித்தேர் அன்று என்று எவரும் சொல்லவில்லை. மரம் மாறலாம், சட்டம் மாறலாம், செய்முறை மாறாமல் கைக்குக் கை வந்திருந்தால், பொருளின் வாழ்வு அறுபடவில்லை என்பதே என் கருத்து.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் இருபது ஆண்டுகள் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் விந்தையான இரயில் ஒன்று இருந்தது. ஒரு சக்கரம் தண்டவாளத்தின்மீது உருளும். மற்றொன்று சாலையின்மீது உருண்டு வண்டியைச் சாயாமல் தாங்கும். இரயில் நின்றபின் அதை எல்லோரும் மறந்தனர். 1962-இல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேயர், பாட்டியாலாவின் பொதுப்பணித் துறைக் கொட்டகையில் அதன் எச்சங்களைக் கண்டுபிடித்தார். அவர் இரயில்வே உத்தியோகஸ்தர் அல்லர். இரயில்மேல் கொண்ட காதலே அவரை அங்கு இழுத்துச் சென்றது. அமிர்தசரஸ் தொழிற்சாலையில் ஓர் எஞ்சினை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சியிருந்த பழைய அடிச்சட்டம் ஒன்றன்மேல், தலைமைப் பொறியாளர் பயணம் செய்த பெட்டியையும் புதிதாகக் கட்டி எழுப்பினார்கள். 1977-இல் புதுடில்லியில் திறந்த தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இன்று அவை இருக்கின்றன.

சென்னைப் பெரம்பூர் எஞ்சின் தொழிற்சாலையும் இவ்வகையில் பெயர் பெற்றது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ஃபேரி குயின் என்ற எஞ்சின், 1909-இல் ஓய்வு பெற்றது. பெரம்பூர்த் தொழிலாளர் அதைச் செப்பனிட்டுத் தர, 1997-இல் மீண்டும் பிரயாணிகளை இழுத்துச் சென்றது. அதன் உடன்பிறப்பான இருபத்தொன்றாம் எண் எஞ்சின், நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றபின், 2010-இல் அதே தொழிற்சாலையிலிருந்து நீராவியோடு வெளியே வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேல்ஸில் செய்தவர்கள் தொண்டர்கள். நம் நாட்டில் செய்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் பெறும் தொழிலாளர்கள். இதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை. அவர்கள் கைத்திறன் உயர்ந்தது. ஆனால் தொழிலாளி ஓய்வு பெற்றால் திறனும் வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்தவர் அதை ஏற்க, அங்கே ஒரு புதிய கை காத்திருக்க வேண்டும். 1955-இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, நம் இரயில்கள் மெல்ல மெல்ல எஃகுப் பெட்டிகளுக்கு மாறின. அது நன்மையே, விபத்தில் மரப்பெட்டி நொறுங்கிப் பல உயிர்களைக் குடித்ததுண்டு. எனினும், மரப்பெட்டி கட்டும் தச்சருக்கு அன்றுமுதல் வேலை சுருங்கியது.

சேலத்துக்கு இரயில் வந்து நெடுங்காலம் ஆகிறது. இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856-இல் தொடங்கிய தென்னாட்டின் முதல் பிரயாணிகள் பாதை, 1861-இல் சேலத்தை எட்டியது. அவ்வாண்டு முடிவதற்குள் சங்ககிரியை அடைந்தது. மறு ஆண்டு போத்தனூர் சென்றது. நாமக்கல்லின் கதை நேர்மாறானது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதை 2013-இல்தான் திறக்கப்பட்டது. சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி!

இம்மாவட்டத்தில் வந்துபோன இரயில்களும் உண்டு. பஞ்சத் தடுப்புக்கென்று, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் இரண்டரை அடி அகலமுள்ள சிறுபாதை ஒன்று போட்டார்கள். 1913-இல் அது ஓசூர்வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு மற்றொன்று ஓடியது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பின்னர் இவ்விரு பாதைகளும் மூடப்பட்டன; தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அச்சிறு பெட்டிகளில் ஒன்றையேனும் ஒரு கூரையின்கீழ் நிறுத்தி வைத்திருந்தால், அதன் பலகையைத் தொட்டுக்காட்டி நான் இந்தப் பேச்சைப் பாதியாகக் குறைத்திருப்பேன்.

ஆயினும், உயிரோடிருக்கும் ஒரு பழம்பொருள் சேலத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2007-இல் அமைந்த சேலம் இரயில்வே கோட்டத்தின் ஆளுகைக்கு உட்பட்டதுதான் நீலகிரி மலை இரயில். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய அந்த இரயிலை, 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. செங்குத்தான பகுதியில் பல்சக்கரப் பாதையில் எஞ்சின் கீழிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு பெட்டியின் திண்ணையிலும் ஒரு பிரேக்காளர் கொடியோடு நிற்கிறார். பழைய எஞ்சின்களைச் செய்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். அவை தேய்ந்தபோது, திருச்சிப் பொன்மலைத் தொழிற்சாலையார் அதே வகையில் புதிய நீராவி எஞ்சின்களைத் தாமே செய்து அனுப்பினார்கள். நீராவி எஞ்சின் என்பதே நம் முதன்மைப் பாதைகளிலிருந்து ஒழிந்தபின் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். செய்யத் தெரிந்த கை இருக்கும்வரை, செய்பொருள் அழிவதில்லை.

அந்தக் கை நம் சமவெளியில் எங்கே இருக்கிறது? நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கு உடல் கட்டும் பட்டறைகள் வரிசை வரிசையாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து லாரி எலும்புக்கூடாக வருகிறது: அடிச்சட்டமும், எஞ்சினும், சக்கரமும் மட்டுமே. அதன்மேல் தச்சர் குறுக்குமரம் பரப்புகிறார்; நிலைக்கட்டை நிறுத்துகிறார்; பலகை அடைக்கிறார். கொல்லர் பட்டை வளைத்து இறுக்குகிறார். தகரக்காரர் கூண்டுக்கு மூடி போடுகிறார். இறுதியில் ஓவியர் வந்து, அளவுகோல் வைக்காமலே கோடிழுத்து, மயிலும் தாமரையும் எழுதுகிறார். ஓடுகிற இரும்புச் சட்டத்தின்மேல், குலுக்கலைத் தாங்கும் மரவுடலைக் கட்டுவது இந்தத் தொழில். மரத்தாலான இரயில் பெட்டி கட்டியவர் செய்ததும் இதுவே அன்றி வேறென்ன? வெளிநாட்டுத் தொண்டர்கள் வயது முதிர்ந்த ஆசானைத் தேடிப்போய்ப் பல ஆண்டுகள் பயில்கிற வித்தை, நம் ஊரில் சாலையோரத்தில் நடக்கிறது. நாம் பஸ்ஸின் பலகணி வழியே பார்த்துவிட்டுப் போகிறோம்.

ஆனால் இங்கும் காலம் மாறுகிறது. மரம் விலை ஏறியது. எஃகு எளிதாகக் கிடைக்கிறது. பட்டறைகளில் உளியின் ஓசை குறைந்து, வெல்டிங் பொறி மிகுந்துவிட்டது. மரவுடல் கட்டத் தெரிந்த மூத்த தச்சர்கள் பட்டறையின் ஓரத்தில் அமர்ந்து இளைஞருக்கு மேற்பார்வை சொல்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். இதற்காக எவரையும் குறை கூற முடியாது; வயிற்றுக்கு வழி எங்கேயோ அங்கேதான் மனிதர் போவார்கள்.

ஆகவே எனக்கு ஓர் ஆசை. கல்லூரிகள் நிறைந்த இந்தச் சமவெளியில், பொறியியல் பயிலும் மாணவர் இருபது பேர், வரலாறு பயிலும் மாணவர் ஐந்து பேர், மூத்த தச்சர் இருவர், ஓய்வுபெற்ற இரயில்வே தொழிலாளர் ஒருவர் சேர்ந்தால், ஒரு பெட்டியைச் செப்பனிடும் குழு அமைந்துவிடும். இரயில்வேயாரிடம் முறைப்படி விண்ணப்பித்து, பாழாகிக்கொண்டிருக்கும் பெட்டி ஒன்றையோ, அருங்காட்சியகத்தில் வெயிலில் நிற்கும் பெட்டி ஒன்றையோ கேட்கலாம். சென்னையில் 2002-இல் தொடங்கிய இரயில் அருங்காட்சியகமும், திருச்சியில் 2014-இல் திறந்த பாரம்பரிய மையமும் ஒரு நாள் பயணத்தில் போய்ப் பார்க்கக் கூடியவை. அங்கே திறந்த வெளியில் நிற்கும் வண்டிகளுக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாரேனும் ஒரு துணியும் ஒரு டப்பா எண்ணெயும் கொண்டுவந்தால் அதுவே பெரிது.

விண்ணப்பத்துக்கு விடை வர நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் ஊரில் உள்ள மூத்த பட்டறைத் தச்சர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். வேலை நேரத்தில் போய்த் தொல்லை கொடுக்காமல், மாலையில் தேநீர் வேளையில் போங்கள். எந்த உறுப்புக்கு எந்த மரம் போட்டார் என்று கேளுங்கள். ஒவ்வோர் உளிக்கும் இழைப்புளிக்கும் அவர் வழங்கும் பெயரை, நூலில் உள்ள சொல்லாக மாற்றாமல், அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அளவுகளை அவர் அங்குலத்தில் சொன்னால் அங்குலத்திலேயே குறியுங்கள். அவர் ஓர் இணைப்பைச் செய்துகாட்ட முன்வந்தால், முகத்தைவிடக் கைகளை நிறையப் படம் எடுங்கள். உளி பிடித்த கோணம் தெரியும்படி இரண்டு பக்கமிருந்தும் எடுங்கள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நாளையும் ஊரையும் எழுத மறக்காதீர்கள்.